ஸ்பேர் சில்லுக்கு மேலே இருக்கும் பெட்டி

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே சாமானைப் பற்றியவை: பிக்கப் ட்ரக்குகளில் பெற்றோல் பம்பை இயக்குகிற கட்டுப்பாட்டுப் பெட்டி. மார்ச் மாதம் வந்தால் இது வழமைதான். இங்கே கனடாவில் குளிர்காலம் முழுக்க, பனி உருகட்டும் என்று வீதியில் கொட்டிய உப்பு வாகனத்தின் இரும்புச் சட்டத்தின் இடுக்குகளில் போய் இருக்கும். பனி உருகி ஈரம் ஏறும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும். ஆகவே இந்த இதழில் இதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன். பிரேக் பற்றியும் கியர் ஒயில் பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 2006ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 இருக்கிறது. 5.4 லீற்றர் எஞ்சின். வீடு திருத்தும் வேலைக்கு அதில்தான் சாமான் ஏற்றி இறக்குகிறேன். ஜனவரியில் 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு தரம் இழுத்துப் போட்டுவிட்டு எஞ்சின் நின்றது. இழுவை வண்டி வர முக்கால் மணி நேரம் பிடித்தது. அது வந்த பிறகு திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகிறது. கராஜில் பெற்றோல் பம்ப் பழுது என்றார்கள். பெற்றோல் தாங்கியை இறக்கிப் புதுப் பம்ப் போட்டு 1,350 டொலர் எடுத்தார்கள். மூன்று கிழமை நன்றாக ஓடியது. போன செவ்வாய்க்கிழமை திரும்பவும் அதே கதை. ‘புதுப் பம்பும் பிழையாக இருக்கலாம், இன்னொன்று போட்டுப் பார்ப்போம்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய?
ஒரு வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: தம்பி, இன்னொரு பம்ப் போட இப்போதைக்கு விடாதீர்கள்.

வாகனத்தைக் கண்ணால் பார்க்காமல் இதுதான் பழுது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் முக்கியமானது: முக்கால் மணி நேரம் நின்றபின் தானாகவே ஸ்ரார்ட் ஆனது. சூடேறினால் படுப்பதும் ஆறினால் எழும்புவதும் இலத்திரனியல் சாமானுக்கு உள்ள குணம். தேய்ந்த பம்புக்கும் அந்தக் குணம் வரலாம். ஆனால் புதுப் பம்ப் போட்டும் அதே மாதிரி நிற்கிறது என்றால், அந்தப் பம்புக்கு மின்சாரம் அனுப்புகிற இடத்தைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் ட்ரக்கில் அந்த இடம் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம். ஸ்பேர் சில்லுக்கு மேலே, உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி பூட்டியிருக்கும். ஃபுவெல் பம்ப் டிரைவர் மொடியூல் என்று பெயர். கராஜில் எஃப்.பி.டி.எம். என்பார்கள்.

இது எதற்கு என்று விளங்கினால்தான் சோதிக்க வரும். முந்தின வாகனங்களில் பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். எஞ்சினுக்குத் தேவைப்படாத பெற்றோல் இன்னொரு குழாய் வழியாகத் தாங்கிக்குத் திரும்பி வரும். பிறகு அந்தத் திரும்பும் குழாயை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவு வேகத்தில் பம்பைச் சுற்றினால் போதும் என்பது யோசனை. எஞ்சின் கணினி, குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்து இந்தப் பெட்டிக்குக் கட்டளை அனுப்பும். பெட்டி, பம்புக்குப் போகும் மின்சாரத்தை ஒரு விநாடிக்குள் பல தரம் வெட்டி வெட்டி விட்டு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். பம்ப் எடுக்கிற மின்னோட்டம் முழுவதும் இதற்குள்ளால்தான் போகிறது. அதனால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விடுவதற்காகத்தான் பெட்டியின் முதுகை அலுமினியத்தில் செய்தார்கள்.

வினை வந்தது அந்த முதுகில். 2004 முதல் 2008 வரையான எஃப்-150களில் அலுமினிய முதுகு இரும்புச் சட்டத்தோடு ஒட்டினாற்போலப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு தாள் போகிற அளவு இடைவெளி. அதற்குள் உப்புத் தண்ணீர் போனால் திரும்பி வராது. இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒரு சின்னப் பற்றரி மாதிரித்தான், கரைந்து போவது அலுமினியம். கழற்றிப் பார்த்தால் முதுகில் அரிசிமாவைத் தூவினதுபோல வெள்ளைத் தூள் இருக்கும். அதை நகத்தால் சுரண்டினால் ஊசித் துளைகள் தெரியும். முற்றிய பெட்டியில் விரல் நுனி போகிற ஓட்டையே இருக்கும். அந்த வழியாக உள்ளே ஈரம் போன பிறகு, ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. குளிரில் ஓடும், சூட்டில் நிற்கும். திருத்துபவரைச் சுற்றவிடுகிற பழுது அது.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு வருகிறேன்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பெற்றோல் போத்தல் கணக்கில் பொன் மாதிரி விற்ற காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றரின் வாயில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணுவோம். அந்தத் துளியில் எஞ்சின் பிடித்து உடனே நின்றால் என் முதலாளி சொல்வார்: ‘நெருப்பு இருக்குது, சாப்பாடுதான் வரேல்லை.’ இன்றைக்கும் நிற்கிற ட்ரக் ஒன்றுக்கு நான் முதலில் செய்வது அதைத்தான். காற்று போகிற குழாயில் ஸ்ரார்ட்டர் ஸ்பிரே ஒரு சின்னச் சீறு, பிறகு திறப்பைத் திருப்புவது. இரண்டு விநாடி உறுமி நின்றால் தீப்பொறி சரி, பெற்றோல் வரவில்லை. ஒன்றுமே செய்யாவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு, பம்ப் பக்கம் போகவே தேவையில்லை. இதைச் செய்யாமல் தாங்கியை இறக்கியிருக்கக் கூடாது.

பெற்றோல் வரவில்லை என்று தெரிந்த பிறகு காதுக்கு வேலை. ஒருவர் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்ப, மற்றவர் பெற்றோல் ஊற்றுகிற வாயருகே காதை வைக்க வேண்டும். ஒன்றிரண்டு விநாடி வண்டு முரலுவது போலச் சத்தம் வரும். வராவிட்டால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது போயும் பம்ப் சுற்றவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பம்பை வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் பதினைந்து நிமிடம் மினக்கெடுங்கள்.

முதலில் பியூஸும் ரிலேயும். அதோடு, பக்கத்து இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்தில், ஓரத் தட்டுக்குப் பின்னால் மோதல் சுவிட்ச் ஒன்று உண்டு. விபத்து நடந்தால் பம்பை நிறுத்துவதற்காக வைத்தது. சாமான் பெட்டி பலமாக இடித்தாலும், பெரிய குழியில் விழுந்தாலும் அதன் பொத்தான் மேலெழும்பிவிடும். உங்களைப் போல மரமும் பலகையும் ஏற்றுபவர்கள் அதை அமத்திப் பார்க்காமல் எந்தக் கராஜுக்கும் போகாதீர்கள். அதற்குக் காசு தேவையில்லை.

பிறகு ஸ்கானர், அதாவது வாகனத்தின் கணினியில் பதிந்திருக்கிற பிழைக் குறியீடுகளை (கோட்) வாசிக்கிற கருவி. பி1233 என்று வந்தால் எஞ்சின் கணினிக்கு இந்தப் பெட்டியிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். பி1237 வந்தால் பம்புக்குப் போகிற பக்கத்துச் சுற்றில் பிழை. ஆனால் கோட் மட்டும் போதாது, நல்ல ஸ்கானர் என்றால் வேறு இரண்டு எண்களையும் பார்க்கலாம். ஒன்று கணினி அனுப்புகிற கட்டளை. அது 50 சதவீதம் என்றால் பம்ப் முழு வேகத்தில் சுற்ற வேண்டும், ஏனென்றால் பெட்டி அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். மற்றது பெட்டி திருப்பி அனுப்புகிற பதில். 50 என்றால் எல்லாம் சரி. 25 என்றால் ‘எனக்குக் கட்டளை வரவில்லை’ என்கிறது, கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வயரைப் பாருங்கள். 75 என்றால் ‘பம்பின் பக்கத்தில் பிழை காண்கிறேன்’ என்கிறது. பதிலே இல்லாவிட்டால் பெட்டிக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பெட்டி செத்துவிட்டது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற சாமானிடம் கேட்காமலே பம்பை மாற்றுகிறார்களே என்பதுதான் என் கவலை.

அடுத்தது வோல்ட் அளக்கிற மீற்றர். பெட்டியின் கனெக்ரரைக் கழற்றி, அந்த வருடத்துக்குரிய வயர் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வருடத்துக்கு வருடம் நிறம் மாறும், ஆகவே நிறத்தை இங்கே எழுதி உங்களைக் குழப்ப மாட்டேன். திறப்பு ஓனில் இருக்கும்போது மின்சாரம் வருகிற கம்பியில் பற்றரி அளவு வோல்ட் இருக்க வேண்டும். பூமிக் கம்பி (எர்த்) உண்மையில் சட்டத்தைப் பிடித்திருக்கிறதா? இதை மீற்றரால் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். நூல் அளவு மிஞ்சின கம்பியும் மீற்றருக்கு 12 வோல்ட் காட்டும், பம்பைச் சுற்ற அதற்குச் சத்தி இருக்காது. ஒரு பழைய ஹெட்லைட் பல்பை அந்த இரண்டு முனையிலும் தொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் வயரிலோ பூமியிலோ கறள்.

மின்சாரமும் பூமியும் சரி, கட்டளையும் வருகிறது, பம்புக்குப் போகிற இரு கம்பிகளில் மட்டும் ஒன்றுமில்லை என்றால் குற்றவாளி பெட்டிதான். பம்பையும் சேர்த்து உறுதிப்படுத்த வேண்டுமென்றால், கனெக்ரரில் பம்புக்குப் போகிற இரு முனைகளுக்கு, பியூஸ் வைத்த வயரால் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். பம்ப் முரலும். உங்கள் புதுப் பம்ப் நல்லது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த ஒரு சோதனையைத் தாங்கியை இறக்காமல், ஐந்து நிமிடத்தில் செய்யலாம். பியூஸ் இல்லாத வயரால் மட்டும் செய்யாதீர்கள். பெற்றோல் பக்கத்தில் நெருப்புப்பொறி விளையாட்டில்லை.

உங்கள் பழுது ஒளித்து விளையாடுகிற பழுது. கராஜுக்குப் போனால் ஓடும், 401இல் ஏறினால் நிற்கும். அதனால் நின்ற நேரத்தில்தான் பிடிக்க வேண்டும். அடுத்த முறை நிற்கும்போது பாதுகாப்பான இடம் என்றால் மட்டும், ஒரு பிளாஸ்டிக் பையில் ஸ்நோவை அள்ளிக் கட்டி, அந்தப் பெட்டியின்மேல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே ஸ்ரார்ட் ஆனால் விஷயம் வெளித்துவிடும். இரண்டு வருடத்துக்கு முந்தி, மேசன் வேலை செய்கிற ஒருவருடைய ட்ரக்கை இப்படித்தான் ஃபிஞ்ச் அவெனியூவில் ஒரு டோனட் கடையின் தரிப்பிடத்தில் எழுப்பினேன். கையுறை நனைந்து விரல் விறைத்துப் போனது. ஆனால் அவர் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நெடுஞ்சாலை ஓரம் என்றால் இதைச் செய்யவே வேண்டாம். உள்ளே இருந்து இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெட்டியை மாற்றுவது பெரிய வேலையில்லை. முதலில் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஸ்பேர் சில்லை இறக்கினால் கைக்கு வசதி. கனெக்ரரின் பூட்டு உப்பில் இறுகியிருக்கும். இழுக்காதீர்கள், பூட்டின் நாக்கை அமத்திக்கொண்டு அங்குமிங்கும் ஆட்டி எடுங்கள். இரண்டே இரண்டு சின்ன போல்ட்தான், ஆனால் கறளில் உடையக்கூடியவை. முதல் நாள் இரவே ஊடுருவும் ஒயில் அடித்து விட்டால் அடுத்த நாள் அழத் தேவையில்லை. உடைந்தால் உடைந்ததுதான், துளைத்துப் புதுப் போல்ட் போடலாம்.

பழைய பெட்டி கழன்றதும் அவசரப்பட்டுப் புதியதைப் பூட்டாதீர்கள். அந்த இடத்தைக் கம்பி பிரஷால் இரும்பு தெரிகிற வரை தேய்த்து, கறள் தடுக்கும் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். இப்போது வருகிற மாற்றுப் பெட்டிகளில் சட்டத்திலிருந்து விலகி நிற்பதற்கான கால்கள் அதிலேயே இருக்கும், அல்லது தனியே வரும். உங்களுக்குக் கிடைப்பதில் இல்லையென்றால் ஒரு சென்ரிமீற்றர் உயரமான நைலோன் வளையங்களைப் போல்ட்டில் கோத்து, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் போக விடுங்கள். தண்ணீர் தங்காது, சூடும் ஆறும். பெட்டியைப் பொலித்தீன் பையால் சுற்றிவைக்கிற பழக்கம் ஒன்றைச் சிலரிடம் கண்டிருக்கிறேன். அது மிகவும் பிழை. ஈரம் உள்ளே அடைபட்டு, வெறுமனே விட்டதைவிடச் சீக்கிரம் அரிக்கும். கனெக்ரரின் ரப்பர் ஓரத்தில் மின்கடத்தாக் கிறீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும்.

ஒன்று விட்டுவிடக் கூடாது. புதுப் பெட்டி போட்ட பின், பம்ப் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். தேய்ந்த பம்ப் சுற்றமாட்டாமல் அதிக மின்னோட்டம் இழுக்கும். பெட்டி அதையும் சுமந்து சூடேறித்தான் சாகும். அப்படியான ட்ரக்கில் பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் அதே வேலை. உங்களுடையது புதுப் பம்ப் என்றபடியால் அந்தப் பயம் குறைவு. அந்த 1,350 டொலர் முழுவதும் வீணில்லை என்று அந்த அளவில் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

கராஜ்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ‘பெட்டியின் பதில் எண் எவ்வளவு, பம்ப் கம்பியில் எத்தனை வோல்ட், எழுதித் தாருங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். அளந்தவர் உடனே சொல்வார்.

கேள்வி: 2012 சில்வராடோ, 5.3 லீற்றர். செக் எஞ்சின் லைட் எரிந்து பி069இ என்ற கோட் வந்தது. பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று இணையத்தில் போட்டிருந்ததால், வாகனம் உடைக்கிற யார்ட்டில் அதே பெட்டியை 40 டொலருக்கு எடுத்துப் பூட்டினேன். அதன் பிறகு ஸ்ரார்ட்டே ஆகவில்லை. இப்போது யு0109 வருகிறது. பழையதைத் திரும்பப் பூட்டினால் ஓடுகிறது, லைட் மட்டும் எரிகிறது.
ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: பழையதை எறியாமல் வைத்திருந்தீர்களே, நல்ல காரியம். அதையே பூட்டி ஓடுங்கள்.

ஃபோர்ட்டின் பெட்டியும், உங்கள் சில்வராடோ ட்ரக்கைச் செய்கிற ஜி.எம். நிறுவனத்தின் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தாலும் ஒரே சாதியில்லை. நான் மேலே சொன்ன பழைய எஃப்-150 பெட்டி கட்டளையைக் கேட்டுச் செய்கிற வேலையாள். கழற்றிப் பூட்டினால் ஓடும். ஜி.எம்.இன் பெட்டி தானே ஒரு சின்னக் கணினி. பெற்றோல் அழுத்தத்தை அளக்கிற சென்சரின் வயரும் அதற்குத்தான் போகிறது. மற்றக் கணினிகளோடு வலையமைப்பில் பேசுகிறது. அதற்குள் உங்கள் வாகனத்துக்கான மென்பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேறொரு ட்ரக்கில் வாழ்ந்த பெட்டியை அப்படியே பூட்டினால் ஓடும் என்று நம்ப முடியாது. யு0109 என்பதன் பொருளும், அந்தப் பெட்டியோடு பேச முடியவில்லை என்பதுதான். புதிது வாங்கினாலும் அந்த நிறுவனத்தின் மென்பொருளை ஏற்றக்கூடிய கருவி உள்ள இடத்தில் எழுதுவிக்க வேண்டும். விலை கேட்கும்போதே புரோகிராமிங்கோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. பி069இ என்பது பெட்டி பழுது என்று சொல்கிற கோட் இல்லை. ‘செக் எஞ்சின் லைட்டை எரியவிடு’ என்று அந்தப் பெட்டி எஞ்சின் கணினியைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் கேட்டது என்பதற்கான காரணம் அந்தப் பெட்டிக்குள் வேறொரு கோட்டாகப் பதிந்திருக்கும். மலிவான ஸ்கானர் எஞ்சின் கணினியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். பெட்டிக்குள் போய் வாசிக்கிற ஸ்கானரால் பாருங்கள். அழுத்தச் சென்சர் பழுதாக இருந்தாலும், பம்ப் தேய்ந்திருந்தாலும், கனெக்ரரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் வெளியே தெரிவது இதே பி069இதான். உங்கள் பழைய பெட்டி இன்னும் பம்பை ஓட்டுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால், அது குற்றமற்றதாகவும் இருக்கலாம்.

கேள்வி: அண்ணை, என்னுடைய மகனுக்கு 19 வயது. அவனுடைய பழைய ட்ரக்கில் இந்தப் பெட்டி பழுதாம், வீட்டு வாசலிலேயே தான் மாற்றப்போகிறேன் என்று நிற்கிறான். பெற்றோல் சம்பந்தமான வேலை என்று எனக்கு நெஞ்சு பதறுகிறது. விடலாமா?
ஒரு தாய், மார்க்கம்

பதில்: விடலாம் தங்கச்சி. பெட்டி பெற்றோலுக்குள் இல்லை, தாங்கிக்கு வெளியே சட்டத்தில் இருக்கிறது. பெற்றோல் குழாய் எதையும் அவன் கழற்ற வேண்டியதில்லை. அவன் கழற்ற வெளிக்கிட்டால் மட்டும் நிறுத்துங்கள்.

நான் பயப்படுவது பெற்றோலுக்கு இல்லை, ஸ்பேர் சில்லுக்கு. அது ஒரு இரும்புக் கயிற்றில் தொங்குகிறது. பின் பம்பருக்கு மேலுள்ள துளையால் கம்பியை விட்டுச் சுற்றினால் கயிறு தளர்ந்து சில்லு இறங்கும். இந்த ஊர் உப்பில் அந்தக் கயிறும் சுற்றும் பொறியும் இறுகிக் கிடக்கும். பொடியன் கம்பியைச் சுற்றுவான், சில்லு வராது. என்னடா என்று கீழே படுத்து இழுப்பான். அந்த நேரம் அறுந்து விழுந்தால் முகத்தில்தான் விழும். ஆகவே சில்லு இறங்கும்போது கீழே ஒருவரும் படுக்கக் கூடாது. வராவிட்டால் சில்லுக்குக் கீழே ஜாக்கை வைத்துத் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்று நீண்ட கம்பியால் தட்டிப் பார்க்கலாம். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

வாகனத்தைத் தூக்க வேண்டிவந்தால், ஜாக்கில் மட்டும் நிற்கிற வாகனத்துக்குக் கீழே தலை போகக் கூடாது. சமதரையில் முன் சில்லுக்குக் கட்டை வைத்து, வாகனத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கால்கள் போட்டபிறகுதான் படுக்கலாம். அநேகமான ட்ரக் தூக்காமலே உடம்பு போகிற உயரம்தான். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், மேலிருந்து கறள் பொரிபொரியாகக் கொட்டும். நீங்கள் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பாருங்கள். ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

அவனுக்கு இந்த வேலையில் உண்மையான விருப்பம் என்றால் மறிக்காதீர்கள். ஸ்காபரோவில் சென்ரேனியல் கொலிஜின் ஆஷ்டன்பீ வளாகத்தில் வாகனத் தொழில் படிப்பிக்கிறார்கள். ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், 310எஸ் என்பார்கள். மீற்றர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இனி வேலைக்குக் குறைவே இராது.

கேள்வி: என்னுடையது ட்ரக் இல்லை, டொயோட்டா ராவ்4. அதிலும் இப்படி உப்பில் பெட்டி பழுதாகுமா?
ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: கார்களிலும் பம்பைக் கட்டுப்படுத்துகிற பெட்டி பலவற்றில் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். உள்ளே, காய்ந்த இடத்தில் இருப்பவை இப்படி அரிபடுவதில்லை. உங்களுக்கு வேறொரு விஷயம் சொல்கிறேன். 2020இல் டொயோட்டா பல மாடல்களைத் திருப்பி அழைத்தது. அங்கே பிழை பம்புக்குள் இருந்தது. பெற்றோலைத் தள்ளுகிற பிளாஸ்டிக் சில்லு உப்பி, உரசி, பம்ப் நின்றுவிடக்கூடும் என்பதுதான் காரணம். உங்கள் வாகனத்தின் 17 இலக்க அடையாள எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். அழைப்பு நிலுவையில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். பழைய வாகனம் வாங்கியவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும், முந்தின சொந்தக்காரருக்குப் போன கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

கேள்வி: கிளிநொச்சியில் அண்ணன் ஒரு கொமன் ரெயில் டீசல் லொறி ஓடுகிறார். ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போய் நிற்கிறதாம். நீங்கள் சொல்கிற பெட்டி அதிலும் இருக்குமா? அனுப்பிவைக்கட்டா?
ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: ஒன்றும் அனுப்பாதீர்கள். அந்த லொறியில் வேலை நடக்கிற விதமே வேறு. கொமன் ரெயில் என்றால், உயர் அழுத்தத்தில் டீசலை வைத்திருக்கிற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் போகிற முறை. உயர் அழுத்தப் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. அதற்குள் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை, பம்பிலேயே பூட்டியிருக்கும் ஒரு அளவு வால்வு தீர்மானிக்கிறது. அதற்குக் கட்டளை எஞ்சின் கணினியிலிருந்து நேரே வரும். இடையில் ட்ரக்கில் உள்ளது மாதிரிப் பெட்டி தேவையில்லை. அந்த வால்வும் பழுதாகும்தான். ஆனால் ஏற்றத்தில் மட்டும் சத்தி குறைகிறது என்றால், எஞ்சின் அதிகம் டீசல் கேட்கிற நேரத்தில் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே உப்பு இல்லை, தூசியும் தண்ணீரும்தான் எதிரி. பில்ரர் அடைத்திருக்கலாம், தாங்கியிலிருந்து வருகிற குழாயின் மூட்டில் காற்று இழுக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

அண்ணனிடம் சொல்லுங்கள், இரவு முழுக்க லொறி நின்ற பிறகு, காலையில் ஸ்ரார்ட் பண்ண முதல், தண்ணீர் பிரிக்கிற பில்ரரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடிக்கட்டும். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் நிற்கும், டீசல் மேலே நிற்கும். அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.